திறப்புவிழாவுக்குப் பிறகு யார் வருவார்கள்?

போன மாதம் எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ரொறன்ரோ மாமா ஒருவர் ஆறு நிமிடக் குரல்பதிவு ஒன்று போட்டார். வழமையாக அவருடைய பதிவுகளை நான் இரட்டை வேகத்தில்தான் கேட்பேன். இதை மட்டும் நிறுத்தி நிறுத்தி இரண்டு தரம் கேட்டேன். இணைய முகவரிகளின் கடைசியில் டொட் கொம், டொட் ஓர்க் என்று வருகிறதல்லவா, அப்படிப் புது முடிவுகளை வாங்க 2026 ஏப்ரல் 30 முதல் ஓகஸ்ட் 12 வரை விண்ணப்பிக்கலாமாம். விண்ணப்பக் கட்டணம் 227,000 அமெரிக்க டொலர். ‘.தமிழ்’ என்ற முடிவை நாங்கள் எடுத்தே ஆகவேண்டும். உலகம் முழுக்கப் பரந்திருக்கிற தமிழரில் 22,700 பேர் ஆளுக்குப் பத்து டொலர் போட்டால் காரியம் முடிந்தது. இதுதான் மாமாவின் கணக்கு.

அதற்குக் கீழே கைதட்டல்களும் வேல்களும் நெருப்புகளும் வந்து குவிந்தன. நான் ஒரு வரி எழுதினேன்: “எடுத்த பிறகு யார் அதைப் பார்த்துக்கொள்வது?”

“பிள்ளை, முதல்ல எடுப்பம்” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலோடு எனக்குச் சண்டை. மாமாவோடு இல்லை, அவர் நல்ல மனுசன். இணையத்தின் பெயர்களை ஆளுகிறவர்கள் முப்பது வருடமாகச் சொல்லிவருகிற பதிலும் இதுதான். முதலில் திறப்போம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். அந்தப் பிறகு வருவதேயில்லை.

சண்டை விளங்குவதற்கு மூன்று பேரைத் தெரிந்திருக்கவேண்டும். நீங்கள் ஒரு முகவரி வாங்கும்போது காசு கட்டுகிற கடை, பதிவாளர். அந்தக் கடைக்குப் பின்னால், ஒரு முடிவுக்கு உரிய எல்லா முகவரிகளின் பட்டியலையும் தன் கையில் வைத்திருக்கிற மொத்த வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவர்தான் பதிவகம். டொட் கொம்முக்கு வெரிசைன், டொட் ஓர்க்குக்கு பிஐஆர், எங்கள் டொட் சிஏக்கு ஒட்டாவாவில் உள்ள சிரா. அவர்களுக்கும் மேலே கலிபோர்னியாவில் பதிவான ஐகான் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது. எந்த முடிவு யாருக்கு என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது அதுதான். கடைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு முடிவுக்குப் பதிவகம் ஒன்றே ஒன்றுதான். அவர் விலையை ஏற்றினால் அதே முகவரியை வேறு யாரிடமும் நீங்கள் வாங்கமுடியாது.

அம்மம்மா சுன்னாகம் சந்தையைப் பற்றிக் கதைக்கும்போது குத்தகைக்காரரைப் பற்றியும் கதைப்பார். சந்தை ஊருக்குச் சொந்தம். வரி அறவிடுகிற உரிமையை ஒருவர் ஏலத்தில் எடுப்பார். காலம் முடிந்ததும் மறுபடியும் ஏலம். சனத்தைக் கொள்ளையடித்தால் அடுத்த முறை பெயர் கெடும், வேறொருவர் வருவார். ஐகானின் ஒப்பந்தமும் ஒரு குத்தகைதான், பத்து வருடத்துக்கு. ஆனால் பத்து வருடம் முடிந்ததும் மறு ஏலம் கிடையாது. பெரிய ஒப்பந்த மீறல் ஏதும் நிரூபிக்கப்படாவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்படும். குத்தகைக்கு வந்தவர் சந்தையையே எழுதி வாங்கினமாதிரி. அம்மம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னபோது, “அப்ப அது குத்தகை இல்லை, சீதனம்” என்றார்.

எனக்கு இந்த விசயத்தில் இவ்வளவு சூடு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச வருடங்களுக்கு முன் நானும் இரண்டு சிநேகிதரும் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இணையத்தளம் செய்துகொடுத்தோம். எங்களுக்கு அப்போது பதினேழு வயது. நல்ல பெயராக, புதுசாய் வந்த ஒரு முடிவில், முதல் வருடம் இரண்டு டொலருக்குக் கிடைத்தது. நாங்கள் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்தோம். துண்டுப்பிரசுரம், பள்ளிப் பை, கலைவிழா மலர், எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தார்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்பு முப்பது டொலருக்கு மேல். கட்டினோம். மூன்றாம் வருடம் அது இன்னும் ஏறி, அறிவிப்பு யாரும் பார்க்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய், முகவரி கைவிட்டுப் போனது. சில மாதங்களில் அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரங்கள் முளைத்தன. ஒரு பாட்டி பேரனின் பாடப்புத்தகப் பட்டியலைப் பார்க்க அந்தப் பையில் இருந்த முகவரியை அடித்து, வந்ததைப் பார்த்துவிட்டு அதிபருக்கு ஃபோன் எடுத்தார்.

எங்கள் கவனயீனமும் அதில் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்: இப்படி விலையை ஏற்றலாமா? ஏற்றலாம். ஐகானின் புது முடிவுகளுக்கான ஒப்பந்தத்தில் விலைக்கு உச்சவரம்பே கிடையாது. புதுப்பிப்பு விலையை ஏற்ற முன் பதிவகம் பதிவாளர்களுக்கு 180 நாள் அறிவிப்புக் கொடுக்கவேண்டும், அதற்குள் நீங்கள் பழைய விலையிலேயே பத்து வருடம்வரை முன்கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். உங்களுக்குள்ள பாதுகாப்பு இவ்வளவுதான். (இதை மனதில் வைத்திருங்கள், ஒரு நாள் உதவும்.) 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன்னிடமிருந்த பல முடிவுகளின் விலையை ஒரேயடியாகப் பல மடங்கு ஏற்றப்போவதாக அறிவித்தது. சந்தையில் இருந்த பெரிய கடை ஒன்று அவற்றை விற்பதையே நிறுத்தப்போவதாகச் சொன்ன பிறகுதான் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு விட்டுக்கொடுப்பு வந்தது. ஐகான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. சொல்ல அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

இன்னும் ஒரு கூத்து உண்டு. டொட் வெட் என்று கலியாணங்களுக்கு ஒரு முடிவு வந்தது. முதல் இரண்டு வருடம் மலிவு. மூன்றாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 30,000 டொலர். கலியாணம் முடிந்ததும் அந்தப் பெயரை அடுத்த சோடி எடுக்கட்டும் என்பது திட்டமாம். இந்த விலைத்திட்டத்தோடுதான் ஐகான் அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. 2017 டிசம்பரில் பதிவகம் விழுந்து, அவசரகாலப் பொறுப்பாக பிரித்தானியாவின் நொமினெட் அதை ஏற்றபோது அதில் இருந்த பெயர்கள் நாற்பதுகூட இல்லை. சிரிக்கலாம். ஆனால் அந்த நாற்பதுக்குள் யாராவது தங்கள் கலியாணப் படங்களை வைத்திருந்திருப்பார்கள்.

நான் வளர்ந்தது டோர்வலில். ட்ரூடோ விமான நிலையத்தின் ஓடுபாதைகளில் இருந்து விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால்தான் போகும். ஒன்று போகும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் கதையை நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அப்பா இருபது வருடமாக அங்கே இரவு வேலை. விமானத்தின் உள்ளே துப்புரவு. அவருக்கு இயந்திரம் ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு விமானம் எத்தனை நாளுக்கு ஒரு தரம் எந்தச் சோதனைக்குப் போகும் என்று நன்றாகத் தெரியும். “புது விமானம் எண்டு ஒண்டும் இல்லை. நேற்றுப் பறந்தது எல்லாம் பழசுதான்” என்பார்.

2019 மார்ச் 13ஆம் திகதி கனடாவின் போக்குவரத்து அமைச்சர் போயிங் 737 மக்ஸ் விமானங்கள் கனடிய வானில் பறக்கக்கூடாது என்று அறிவித்தார். இரண்டே வருடத்துக்கு முன் முறைப்படி அனுமதி பெற்ற விமானம் அது. அனுமதி கொடுத்தாயிற்று, இனி எங்களுக்கென்ன என்று யாரும் சொல்லவில்லை. எயார் கனடாவிடம் மட்டும் 24 நின்றன. நிறுவனத்துக்கு நட்டம், பயணிகளுக்கு அலைச்சல், அப்பாவின் வேலை மணித்தியாலங்கள்கூடக் குறைந்தன. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை. அவை மறுபடியும் இங்கே பறக்க 2021 ஆனது.

அதே 2019 நவம்பரில், டோர்வலிலிருந்து 747ஆம் இலக்க பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், மொன்றியல் மாநாட்டு மண்டபத்தில் ஐகான் தன் 66ஆவது பொதுக்கூட்டத்தை நடத்தியது. நவம்பர் 2 முதல் 7 வரை. பதிவகங்கள், அரசுகள், வழக்கறிஞர்கள், எல்லாரும் எங்கள் ஊருக்கு வந்து பொறுப்புக்கூறல் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போய் ஒரு கிழமைக்குள், நவம்பர் 13ஆம் திகதி, டொட் ஓர்க் விற்கப்படுகிறது என்ற செய்தி வந்தது.

டொட் ஓர்க்கை 2003 முதல் நடத்தியது பிஐஆர் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு. அதன் தாய் அமைப்பு இன்டர்நெட் சொசைட்டி. விற்பனை விலை 113.5 கோடி டொலர். வாங்க வந்தது எதோஸ் கப்பிட்டல் என்ற, அப்போதுதான் முளைத்த தனியார் முதலீட்டு நிறுவனம். ஐகானின் முன்னாள் தலைமை அதிகாரி ஃபாடி ஷெஹாடே அதற்கு ஆலோசகர். இதற்கு நாலரை மாதம் முன்னர்தான் ஐகான் டொட் ஓர்க்கின் விலை உச்சவரம்பை நீக்கியிருந்தது. அதுவரை வருடத்துக்குப் பத்து வீதத்துக்கு மேல் ஏற்றமுடியாது. நீக்கவேண்டாம் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் எழுத்தில் வந்தன. நீக்கலாம் என்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். விரல்களே வென்றன.

எங்களுக்கு என்ன என்று கேட்கிறீர்களா? ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து ஒவ்வொன்றாக வருடிச் சேர்த்துவைத்திருக்கிற நூலகம் டொட் ஓர்க்கில் இருக்கிறது. மதுரைத் திட்டம் டொட் ஓர்க்கில். நீங்கள் வீட்டுப்பாடத்துக்குத் திருடுகிற தமிழ் விக்கிப்பீடியா டொட் ஓர்க்கில். யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இந்த முறை தீ தேவைப்படாது. வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற ஒரு பில் போதும். அந்த விற்பனை நடந்திருந்தால் டொட் ஓர்க்கின் தலையில் 36 கோடி டொலர் கடன் ஏற்றப்பட்டிருக்கும். அந்தக் கடனை அடைக்கப்போவது யார்? முகவரி வைத்திருக்கிற ஒரு கோடிப் பேர்.

விற்பனை நடக்கவில்லை. 2020 ஏப்ரல் 30ஆம் திகதி ஐகான் சபை அதை மறுத்தது. ஐகான் தன் கடமையைச் செய்தது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. நான் கொண்டாடமாட்டேன். ஐந்தரை மாதம் உலகம் முழுக்க இலாபநோக்கற்ற அமைப்புகள் கத்தவேண்டியிருந்தது. ஐகானின் கலிஃபோர்னியா அலுவலகத்தின் வாசலில் ஆட்கள் பதாகையோடு நிற்கவேண்டியிருந்தது. கடைசியில் கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமா அதிபர் ஹவியர் பெசெரா கடிதம் எழுதவேண்டியிருந்தது. ஐகான் அந்த மாநிலத்தில் பதிவானது என்பதால்தான் அவருக்கு அந்தப் பிடி கிடைத்தது. இது அதிர்ஷ்டம், முறைமை இல்லை. விலை உச்சவரம்பு விசயத்தை நேம்சீப் என்ற பதிவாளர் சுயாதீன நடுவர் குழுவுக்குக் கொண்டுபோனது. முடிவெடுத்த விதம் ஐகானின் சொந்த வெளிப்படைத்தன்மை விதிகளுக்கே முரணானது என்று அந்தக் குழு 2022 முடிவில் சொன்னது. மூன்றரை வருடம் கழித்து.

கனடியக் கதை ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நாங்கள் நல்லவர்கள்போலத் தெரிவோம். 2015இல் டொட் சக்ஸ் என்று ஒரு முடிவு வெளியானது. பின்னால் இருந்தது ஒட்டாவாக்காரர்கள். உங்கள் வியாபாரத்தின் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லை வைத்து வேறு யாரும் வாங்கிவிடாமல் இருக்க, வர்த்தகக்குறி வைத்திருப்பவர்களிடம் 2,499 டொலர் கேட்டார்கள். பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இது மிரட்டிப் பறிப்பு என்று ஐகானிடம் போனார்கள். ஐகான் செய்ததைக் கேளுங்கள். 2015 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் கனடாவின் நுகர்வோர் விவகார அலுவலகத்துக்கும் கடிதம் எழுதி, இவர்கள் சட்டத்தை மீறுகிறார்களா என்று பார்த்துச் சொல்லமுடியுமா என்று கேட்டது. காவல்காரன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் வீட்டுக்குள் நிற்கிறவன் கள்ளனா என்று கேட்கிற கதை. உள்ளே விட்டதும் அவர்தான். அதோடு அந்த ஒப்பந்தத்தில், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு விசேட கட்டணமாகப் பத்து லட்சம் டொலர் வரை ஐகானுக்குப் போவதற்கும் வழி எழுதப்பட்டிருந்தது. டொட் சக்ஸ் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

பணம் பிடுங்குவது ஒரு பக்கம். கள்ளருக்குக் கதவைத் திறந்துவைப்பது இன்னொரு பக்கம். அம்மாவின் ஃபோனுக்கு வருகிற “உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது” செய்திகளின் கடைசியில் என்ன முடிவு இருக்கிறது என்று ஒரு நாள் பாருங்கள். ஒரு டொலருக்கும் குறைவாக ஆயிரக்கணக்கில் விற்கப்படுகிற முடிவுகள்தான். இந்த முகவரிகளைப் பற்றி முறைப்பாடு வந்தால் பதிவகம் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டது எப்போது தெரியுமா? 2024 ஏப்ரல் 5. முதல் தொகுதிப் புது முடிவுகள் இறங்கிப் பத்து வருடத்துக்குப் பிறகு. எழுதின கொஞ்ச நாளிலேயே, ஜூலையில், டொட் டொப் பதிவகத்துக்கு மீறல் அறிவித்தல் போனது. ஒரு வரி எழுதியதும் வேலை நடக்கிறது. அந்த ஒரு வரிக்கு ஏன் பத்து வருடம்?

நாட்டுக் குறியீடுகள் வேறு. அவற்றின்மேல் ஐகானுக்கு இப்படி ஒப்பந்த அதிகாரம் இல்லை. ஃப்ரீநொம் என்ற நிறுவனம் டோக்கெலாவின் டொட் டிகே, மாலியின் டொட் எம்எல், காபோனின் டொட் ஜிஏ போன்றவற்றை வாங்கி இலவசமாக வாரி இறைத்தது. கள்ளருக்குக் கொண்டாட்டம். கடைசியில் மெட்டா வழக்குப் போட்ட பிறகுதான் 2023இல் கடை மூடத் தொடங்கியது. காபோன் தன் குறியீட்டைத் திரும்ப எடுத்தபோது எழுபது லட்சம் முகவரிகளைத் துடைக்கவேண்டி வந்தது. ஒரு நாட்டின் பெயர் அத்தனை வருடம் குப்பைமேடாகக் கிடந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தையும் பார்ப்போம். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையில் கூகிளின் டொட் எல்கே முகவரியை அடித்தவர்களுக்கு வேறொரு பக்கம் வந்தது. கூகிளை யாரும் உடைக்கவில்லை. உடைந்தது பதிவகத்தின் பக்கம். வந்த பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நிலையும், பத்திரிகைச் சுதந்திரமும், சிறுபான்மையினர் பிரச்சினையும் எழுதியிருந்தது. மலையக மக்களின் சம்பளத்தைப் பற்றி யாராவது சத்தம் போடுவது எனக்குச் சந்தோசம். ஆனால் அதே கதவால் நுழைந்து அன்றைக்கு ஒரு வங்கியின் போலிப் பக்கத்தையும் காட்டியிருக்கலாம். அப்போது ஏமாறுவதும் அதே தோட்டத்துத் தொழிலாளியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. தமிழ் எழுத்தில் முடிவுகள் இல்லை என்று நினைத்து நாங்கள் துடிக்கிறோம். இருக்கின்றன. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ மூன்றும் 2010, 2011 ஆண்டுகளிலேயே இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. கடைசியாக எப்போது அப்படி முடிகிற ஒரு முகவரியைப் பேருந்திலோ கடைப் பலகையிலோ பார்த்தீர்கள்? திறந்துவைத்த பிறகு மின்னஞ்சல் மென்பொருள்கள் அவற்றை ஏற்கின்றனவா, படிவங்கள் ஏற்கின்றனவா, பாடசாலைகளுக்கு மலிவாகக் கொடுக்கிறார்களா என்று தொடர்ந்து கேட்க ஆளில்லாவிட்டால் மொழிப்பற்று ஒரு ரிபனோடு முடிந்துவிடும்.

இப்போது ‘.தமிழ்’. மாமாவின் பதற்றம் எனக்கு விளங்குகிறது. நாங்கள் எடுக்காவிட்டால் காசுள்ள யாராவது எடுத்துவிடுவான் என்ற பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. அமேசன் பிரதேசத்தின் எட்டு நாடுகள் வருடக்கணக்கில் வாதாடியும் ‘.அமேசன்’ கடைசியில் கடைக்காரருக்குத்தான் போனது. ஒரு மொழியின் பெயருக்கு வேறு யாராவது விண்ணப்பித்தால் ஆட்சேபிக்க வழிகள் உண்டுதான். ஆனால் கவனியுங்கள், அந்த வழிகள் எல்லாம் திறப்புவிழாவுக்கு முன்னுள்ளவை. சமூகத்தின் ஆதரவுக் கடிதம், நிதி அறிக்கை, தொழில்நுட்பப் பரீட்சை, எல்லாம் வாசலில். உள்ளே போன பிறகு, ஆதரவுக் கடிதம் கொடுத்த சமூகம் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 227,000 என்பது வாசலில் கொடுக்கிற காசு மட்டும்தான். அதற்குப் பிறகு வருடாவருடம் ஐகானுக்கே சுமார் 25,000 டொலர், பின்தள இயந்திரங்களுக்கு வேறு. பத்து டொலர் போட்ட 22,700 பேரும் ஐந்தாம் வருடம் மறுபடியும் போடுவார்களா? போடாவிட்டால் அதை வாங்க வருவது யார்? அப்போது அந்தப் பத்து டொலர்க்காரருக்கு வாக்கு உண்டா? எங்கள் சங்கங்கள், கோயில்களின் சரித்திரம் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இருமுவார்கள்.

ஒரு எதிர்வாதத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். பதிவகங்களைக் கட்டுப்படுத்து என்று கேட்டால் நாளைக்கு அரசுகள் அதே கயிற்றைப் பிடித்து இழுக்கும் என்கிறார்கள். 2007இல் இலங்கையில் தமிழ்நெற் தடைசெய்யப்பட்டதை நினைவில் வைத்திருக்கிற சமூகத்துக்கு இது வெறும் கற்பனை இல்லை. இணையச் சேவை நிறுவனங்கள் வழியாக ஒரு நாட்டுக்குள் மறைப்பது ஒன்று. பதிவகமே முகவரியை எடுத்துவிட்டால் உலகம் முழுக்க அது இல்லை. அதனால் நான் கேட்பது உள்ளடக்கக் காவல் இல்லை. ஐகானின் சாசனமே உள்ளடக்கத்தில் கை வைக்காதே என்கிறது, அது அப்படியே இருக்கட்டும். விலை, விற்பனை, பாதுகாப்பு, கணக்கு, இவை எழுத்து அல்ல, கருத்து அல்ல. ஒரு பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தில் தலையிடாமலே அச்சகத்தின் மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தலாம். ‘.தமிழ்’ பதிவகம் நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒரு அரசின் கடிதத்துக்காக எந்த முகவரியையும் எடுக்காது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். பொறுப்புக்கூறல் இரண்டு பக்கமும் வெட்டவேண்டும்.

சந்தை தானாகத் திருத்தும் என்ற மற்ற வாதத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை. பால் விலை ஏறினால் கடை மாறலாம். முகவரி மாறினால் கலைவிழா மலரில் அச்சடித்ததை யார் போய் அழிப்பது? நூலகத்துக்கு உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் கொடுத்த இணைப்புகளை யார் திருத்துவது?

வேறுமாதிரியும் நடத்தலாம், அதற்கு ஒட்டாவா வரைதான் போகவேண்டும். டொட் சக்ஸ் வந்த அதே ஊரில்தான் சிராவும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திடமிருந்து டொட் சிஏயைப் பொறுப்பேற்ற இலாபநோக்கற்ற அமைப்பு. டொட் சிஏ முகவரி ஒன்று உங்களிடம் இருந்தால் நீங்கள் இலவசமாக அதில் அங்கத்தவராகலாம், இயக்குநர் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். அது குறையே இல்லாத அமைப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விலை ஏறினால் யாரைத் தோற்கடிப்பது என்று எனக்குத் தெரியும். நான் போன வருடம் வாக்களித்தேன். எனக்குத் தெரிந்த தமிழ்க் கடைக்காரர், கோயில்காரர், நடனப் பள்ளிக்காரர் என்று டொட் சிஏ வைத்திருக்கிற ஒன்பது பேரிடம் கேட்டேன். இப்படி ஒரு வாக்கு இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. பெற்றோரின் கடைக்கு இணையத்தளம் செய்துகொடுத்தது நீங்கள்தானே? போய் அந்தக் கணக்கில் பாருங்கள்.

மாமாவுக்கு நான் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். ‘.தமிழ்’ வேண்டாம் என்று எழுதவில்லை. காசு சேர்க்க முன் விண்ணப்பத்திலேயே கட்டிப்போடவேண்டியவற்றைக் கேட்டேன். புதுப்பிப்பு விலைக்கு உச்சவரம்பு இருக்குமா? முகவரி வைத்திருப்பவர்கள் தெரிவுசெய்கிற ஆட்கள் சபையில் பாதியாவது இருப்பார்களா? அவர்களின் வாக்கு இல்லாமல் விற்கமுடியாது என்று எழுதுவீர்களா? வருடக் கணக்கு யார் கண்ணுக்கும் படும்படி வருமா? பத்து வருடத்தில் தானாகப் புதுப்பிக்கிற வசதியை, மறு வாக்கெடுப்பு இல்லாமல் பயன்படுத்தமாட்டோம் என்று நாங்களே எங்களுக்கு விலங்கு போட்டுக்கொள்வோமா? ஐகான் கேட்காததை எல்லாம் நாங்கள் முன்வந்து எழுதிக்கொடுக்கலாம், ஒப்பந்தத்தில் அதற்கு ஓர் இடமே உண்டு. எழுதிக்கொடுத்ததை மீறினால் யாரும் முறைப்பாடு செய்யலாம். 2017இல் டொட் ஃபீட்பேக் பதிவகம் அப்படித்தான் மாட்டியது.

மூன்று நாள் இரண்டு நீலக் கோடுகள் மட்டும். அழைப்பு வந்தபோது என் தலைக்கு மேலால் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்ததால் முதல் பாதி கேட்கவில்லை.

“…சரி பிள்ளை, ஆனா எல்லாத்தையும் தமிழில எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில நானே வாசிக்கிறன். வயசான ஆக்களுக்கு விளங்கிற தமிழா இருக்கவேணும்.”

இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பிரிசம்ப்டிவ் ரினியூவல்’ என்பதற்கு அம்மம்மா சொன்ன ‘சீதனம்’ தவிர வேறு நல்ல சொல் தெரிந்தவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் எனக்கு அனுப்புங்கள்.